பேத்தைக்கு நல்ல தண்ணி

உட்காருங்க அக்கா, இந்த இடத்துக்கு ஆள் வரமாட்டாங்க. கூடையை என் கால்கிட்ட தள்ளிடுங்க, பரவாயில்லை. சேத்தியாத்தோப்பா நீங்க? நாங்க விருத்தாசலம். அதுவரைக்கும் பேச்சுத்துணை ஆச்சு. இவன் என் மகன், துருவன். காலையிலிருந்து சேற்றில் ஆடிவிட்டு இப்போ தூங்குறான். இவன் தூங்கினால் எனக்கு வாய் நிற்காது. முழிச்சிருந்தாலும் நிற்காதுன்னு எங்க வீட்டுக்காரர் சொல்வார்.

அந்தக் கேனா? எண்ணெய் கேன்தான், ஆனால் எண்ணெய் வாங்கப் போகலை. அதில் மீன் இருந்தது. உப்பங்கழியில் கொண்டுபோய் விட்டுட்டு வரேன். சிரிக்கிறீங்களா, சிரிங்க. கிள்ளைப் பக்கம் எல்லாரும் மீன் வாங்கத்தான் போவாங்க. மீனை விடுவதற்கு பஸ் ஏறிப் போனவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மீன் கௌசியுடையது. கௌசிகா, எங்க நாத்தனார் பொண்ணு. நாலாவது முடிச்சிருக்கிறாள். நீங்க உட்கார்ந்திருக்கிறது அவள் இடம்தான், திரும்பி வரும்போது ஜன்னலோரம் வேணும்னு சொல்வாள்னு பிடிச்சு வச்சேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது. லீவு இல்லையா, அப்பாகூட கொஞ்ச நாள் இருக்கட்டும்னு விட்டுட்டு வந்திருக்கிறேன். பள்ளிக்கூடம் திறந்ததும் வந்துவிடுவாள். வராமல் எங்கே போவாள்?

நாத்தனார் போன வருஷம் மஞ்சள் காமாலையில் போய்விட்டாங்க. பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு நான்தான் சொன்னேன், பிள்ளையை நாங்க கூட்டிட்டுப் போறோம்னு. யாரும் என்னைக் கேட்கலை அக்கா, நானாகத்தான் சொன்னேன். இவனோடு போதும், அடுத்தது வேண்டாம்னு டாக்டரம்மா எனக்குச் சொல்லிட்டாங்க. எனக்கோ பொம்பளைப் பிள்ளை என்றால் உயிர். ஜடை பின்னணும், ரிப்பன் கட்டணும், பாவாடை தைக்கணும், எல்லாம் மனசுக்குள்ள வச்சிருந்தேன். சாமி இப்படி ஒரு வழி காட்டியிருக்குன்னு நினைச்சேன். அண்ணன், அதான் கௌசியோட அப்பா குணாளன் அண்ணன், தரையைப் பார்த்துக்கொண்டே ‘சரி தங்கச்சி’ என்றார். குடிக்கிற ஆள் இல்லைதான். ஆனாலும் கடலுக்கும் கழிக்கும் போகிற மனுஷன், பொம்பளைப் பிள்ளையை எப்படி வளர்ப்பார், சொல்லுங்க?

கிளம்பும்போது கௌசி ஒரு பிளாஸ்டிக் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உள்ளே பேத்தை.

பேத்தை தெரியுமா உங்களுக்கு? எனக்கும் தெரியாது. எங்க ஊர் பெண்ணாடம் பக்கம், எங்களுக்கு ஏரி மீன்தான், கெண்டை, கெளுத்தி, விரால். நாங்க விரும்பிக் கட்டிக்கிட்டவங்க, அதனால்தான் எனக்குக் கடற்கரைச் சம்பந்தமே. பேத்தை உப்பங்கழியில் இருக்கும். கட்டைவிரல் அளவு. முதுகு பச்சையும் மஞ்சளுமா, அதில் கரும்புள்ளி, வயிறு வெள்ளை வெளேர்னு. கண் இரண்டும் தனித்தனியா உருளும். முன்னால் முயல் மாதிரி பல். கோபம் வந்தால் பந்து மாதிரி உப்பிக்கொள்ளும். தின்னக்கூடாது, விஷம். வலையில் விழுந்தால் திட்டிக்கிட்டே தூக்கிப் போடுவாங்களாம். அண்ணன் வலையில் வந்த ஒன்றை, அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது கௌசி எடுத்து வளர்த்திருக்கிறாள்.

எனக்குப் பார்த்ததும் பிடிக்கலைதான். ஆனால் பிள்ளை கேட்கிறாளேன்னு நான் ஒரு வார்த்தை சொல்லலை. எங்க வீட்டுக்காரர் கண்ணாடித் தொட்டி வாங்கி வந்தார், கீழே கூழாங்கல், உள்ளே ஒரு பிளாஸ்டிக் செடி, குமிழி விடுகிற மோட்டார். ஹாலில் டி.வி.க்குப் பக்கத்தில் வச்சோம். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் வந்து பார்க்கும். ‘கௌசி, நீயும் போய் அவங்களோட விளையாடு’ன்னு நான்தான் முதுகில் தட்டித் தட்டி அனுப்புவேன். போவாள், ஓரமா நிற்பாள், வந்துவிடுவாள்.

மீனுக்கு முடியாமல் போனது என் தப்புன்னு இப்போ எல்லாரும் பேசுறாங்களே, அந்தக் கதையைக் கேளுங்க. எங்க வீட்டில் இரண்டு தண்ணி. போரில் வருவது உப்புத் தண்ணி, பாத்திரம் கழுவ, துணி துவைக்க. நல்ல தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள் தெருக்குழாயில் வரும், குடத்தோடு நின்று பிடிக்கணும். அந்த நல்ல தண்ணியைத்தான் நான் அந்த மீனுக்கு ஊற்றினேன். கேட்டுக்குங்க அக்கா. குடிக்கிற தண்ணி. எங்க வீட்டுக்காரர்கூட ‘சுகந்தி, மீனுக்கு எதுக்கு நல்ல தண்ணி, போர் தண்ணி போதாதா’ன்னு கேட்டார். ‘அம்மா இல்லாத பிள்ளையோட மீனுங்க, அதுக்குப் போய் உப்புத் தண்ணியா’ன்னு கேட்டேன். இவனைக் குளிப்பாட்ட போர் தண்ணி, அதுக்கு நல்ல தண்ணி. ஊரில் எந்த அத்தை செய்வாள்?

கௌசி பார்த்துக்கொண்டே நின்றாள். ‘அத்தை, அதுக்கு எங்க ஊர்த் தண்ணிதான் வேணும்’ என்றாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. ஊருக்குப் போகணும், அதைச் சொல்லத் தெரியாமல் மீன்மேல் போட்டுச் சொல்கிறாள். பிள்ளைகள் அப்படித்தானே. நான் உட்கார வைத்து எடுத்துச் சொன்னேன். ‘இதோ பாரு கண்ணு, இனி இதான் உன் ஊரு, இதான் உன் வீடு. பழகப் பழகச் சரியாயிடும். உனக்கும் சரி, உன் மீனுக்கும் சரி.’ நல்லாத்தானே சொன்னேன்? தலையாட்டினாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சே எடுக்கலை. அடடா, எவ்வளவு பக்குவமான பிள்ளைன்னு நினைச்சேன்.

சாப்பாடுதான் இறங்காது. நான் சாம்பார் வைப்பேன், உருளைக்கிழங்கு வறுப்பேன், முட்டை பொரிப்பேன். தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருப்பாள். ‘மீன் குழம்பு வேணுமா?’ன்னு கேட்டு ஏரிக் கெண்டை வாங்கி வைத்தேன், ஒரு வாய் வைத்தாள். ‘மண்ணு வாசம் அடிக்குது அத்தை’ என்றாள். எங்க அம்மா வீட்டு மீனு அது. எனக்குச் சுருக்குன்னு இருந்தது, ஆனாலும் சிரித்தேன்.

மீனும் அதே மாதிரி. பொரி போட்டால் தின்னாது, பிஸ்கட் தூள் போட்டால் தின்னாது, கடையில் விற்கிற சிவப்புக் குருணையைத் திரும்பிக்கூடப் பார்க்காது. கௌசி பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வாய்க்காலில் குட்டி நத்தை பொறுக்கி வருவாள். எதில் தெரியுமா? சோற்று டப்பாவில். அதைப் போட்டால் டக் டக்னு ஓட்டை உடைத்துத் தின்னும், ஹாலுக்கே கேட்கும். நான் டப்பாவைப் பார்த்துக் கத்திவிட்டேன். சோறு வைக்கிற டப்பாவில் நத்தையா, வாந்தி வருமா வராதா? வாய்க்கால் பக்கம் போகக்கூடாதுன்னு சொல்லிட்டேன். பாம்பு கீம்பு கடிச்சா அவங்கப்பாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?

அதுக்குத் துணை இல்லாமல்தான் ஏங்குதுன்னு எனக்குத் தோன்றியது. இரண்டு தங்கமீன் வாங்கி உள்ளே விட்டேன். மறுநாள் பார்த்தால் இரண்டுக்கும் வால் இல்லை. கடித்துத் துப்பியிருக்கிறது. நன்றி கெட்ட மீனுன்னு நான் திட்டினேன். கௌசிக்கு அன்றைக்கு லேசாகச் சிரிப்பு வந்தது, உதட்டோரத்தில். அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதான். தங்கமீன் செத்தாலும் பரவாயில்லைன்னு இருந்தது எனக்கு, அந்தச் சிரிப்புக்கு.

இப்போ உப்புக் கதை. ஜாடியில் கல்லுப்பு குறைந்துகொண்டே வந்தது. வெள்ளிக்கிழமை வாங்கிக் கொட்டுவேன், அடுத்த வெள்ளிக்குள் பாதி காணோம். உப்பை எலியா தின்னும்னு நான் யோசிச்சிட்டிருந்தேன். ஒரு மத்தியானம் இவனைத் தூங்க வைத்துவிட்டு எழுந்து வரேன், கௌசி கை நிறைய உப்பை அள்ளி ஒரு சொம்புத் தண்ணியில் கரைத்துக்கொண்டிருக்கிறாள். நாக்கில் வைத்துப் பார்க்கிறாள், இன்னும் கொஞ்சம் போடுகிறாள். அப்புறம் தொட்டிக்குள் மெதுவாக ஊற்றுகிறாள்.

‘என்னடி பண்ற?’ன்னேன்.

‘உப்பு போடுறேன் அத்தை.’

‘உப்புப் போட்டுக் கொழம்பு வைக்கப் போறியா அதை?’

‘இல்லைத்தை. எங்க கழியில தண்ணி இப்படித்தான் இருக்கும். மழை வந்தா குறையும், கடல் ஏறினா கூடும். அப்பா நாக்குல வச்சுப் பார்த்துச் சொல்லும்.’

அவள் அவ்வளவு நீளமா அதற்கு முன்னால் பேசினதே இல்லை. ஆனால் எனக்குக் காதில் ஏறலை அக்கா. உப்பு லட்சுமி இல்லையா? உப்பைச் சிந்தினால் செத்த பிறகு கண் இமையால் பொறுக்க வைப்பாங்கன்னு எங்க ஊரில் சொல்லிச் சொல்லி வளர்த்திருக்காங்க. அதை அள்ளி அள்ளித் தண்ணியில் கொட்டினால்? அதுவும் திருட்டுத்தனமா, நான் தூங்குகிற நேரம் பார்த்து. முதுகில் ஒரு தட்டு தட்டினேன். அடின்னு சொல்லமுடியாது. தாய் தட்டுகிற மாதிரி ஒரு தட்டு. இவனை நான் அடிக்காத அடியா? அப்புறம் தொட்டியை முழுக்கக் கவிழ்த்துக் கழுவி, புதுசா நல்ல தண்ணி பிடித்து நிரப்பினேன். ஜாடியைத் தூக்கிப் பரண்மேல் வச்சேன். அவள் அழலை. அழுதிருந்தால் நானே தூக்கி மடியில் வைத்திருப்பேன்.

அதற்கப்புறம்தான் மீனுக்கு உடம்புக்கு முடியாமல் போனது. வெள்ளை வயிறு சாம்பல் நிறமாகி, மூலையில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. கண் உருளாது. தொட்டால் உப்பாது. கௌசி தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். கேட்டால் பதில் இல்லை. ‘ம்’ கூட இல்லை. பள்ளிக்கூடத்து மிஸ் என்னைக் கூப்பிட்டு, ‘பொண்ணு வகுப்பிலேயும் பேசறதில்லையே, வீட்ல ஏதாவது பிரச்சினையா?’ன்னு கேட்டாங்க. ‘ஒரு பிரச்சினையும் இல்லீங்க மிஸ், மீனுக்கு முடியலை, அதான்’ன்னேன். மீன் சரியானால் இவளும் சரியாகிவிடுவாள்னு நான் உறுதியா இருந்தேன். நான்தான் அவளுக்கும் சேர்த்துப் பேசுவேன். சாயங்காலம் பூரா பேசிக்கிட்டே ஜடை பின்னுவேன். வீட்டில் சத்தம் இருந்தால் பிள்ளைக்கு மனசு லேசாகும் இல்லையா.

நீங்களும் பேசவே மாட்டேங்கிறீங்க. எங்க கௌசி மாதிரியே இருக்கீங்க.

கடைசியில் கடைவீதியில் மீன் தொட்டி விற்கிறவரிடம் போனேன். செல்லில் எடுத்த போட்டோவைக் காட்டினேன். ‘இது பேத்தையாச்சே, உப்பங்கழி மீனும்மா. எந்தத் தண்ணியில வச்சிருக்கீங்க?’ன்னார். ‘குடிக்கிற தண்ணிங்க’ன்னு பெருமையாச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்தார். ‘நல்ல தண்ணியில இது கொஞ்சங் கொஞ்சமா செத்துப்போகும்மா. இத்தனை மாசம் எப்படி உயிரோட இருக்கு?’ன்னார். ‘நாங்க நல்லா பார்த்துக்கிட்டோம்’னேன். அப்புறம் உப்பு சமாச்சாரத்தையும் சொன்னேன். ‘அந்தப் பொண்ணு போட்ட உப்புதான் காப்பாத்தியிருக்கு’ன்னார். இருக்கலாம். அவர் சொன்னால் சரியாத்தான் இருக்கும். ஆனால் எனக்கு எப்படித் தெரியும், சொல்லுங்க? வாயைத் திறந்து சொன்னால்தானே தெரியும்?

வீட்டுக்கு வந்து சொன்னேன். கௌசி ஒன்றும் ‘பார்த்தீங்களா’ன்னு சொல்லலை. பரணிலிருந்து ஜாடியை இறக்கி அவள் கையிலேயே கொடுத்தேன். ‘போடு கண்ணு, எவ்வளவு வேணுமோ போடு.’ வாங்கிக் கீழே வைத்துவிட்டாள். எங்க வீட்டுக்காரரைப் பார்த்து, ‘ஊர்லயே விட்டுடலாம் மாமா’ என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவர் அன்றைக்கே அண்ணனுக்குப் போன் போட்டார். வெளியே போய் நின்றுதான் பேசினார், ரொம்ப நேரம். உள்ளே வந்து, ‘கௌசி எங்க இருக்கணும்னு அவளையே கேட்டுக்கலாம்னு குணா சொல்றான், எனக்கும் அதான் சரின்னு படுது’ என்றார். ‘கேட்கட்டுமே, எனக்கென்ன பயமா’ன்னேன். எனக்கென்ன பயம்? ஏழெட்டு மாசம் பெத்த தாய் மாதிரி பார்த்திருக்கிறேன்.

அவருக்கு ஷிப்ட். அதனால் நானும் பிள்ளைகளும் மட்டும் வந்தோம். வழியெல்லாம் கௌசி கேனை மடியில் வைத்துக்கொண்டு, மூடியைத் திறந்து திறந்து ஊதிக்கொண்டே வந்தாள். நான் பேசிக்கொண்டே வந்தேன்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். ‘முள்ளு குத்தும்டி’ன்னேன். அதற்குள் ஓடிவிட்டாள். கழியோரத்தில் அண்ணன் நின்றார். அவர் தம்பி வீட்டுப் பிள்ளைகள் நாலைந்து இருந்தன. எல்லாம் சேர்ந்து என்னவோ பேசின. நான் இவனையும் பையையும் தூக்கிக்கொண்டு வந்துசேர்வதற்குள் இவள் முழங்கால் தண்ணியில் நிற்கிறாள். மீனை உடனே கொட்டவில்லை. கேனைத் தண்ணியில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, கழித் தண்ணி கொஞ்சங் கொஞ்சமா உள்ளே போகவிட்டாள். ரொம்ப நேரம். அண்ணன் பக்கத்தில் குனிந்து நின்றார், அவசரப்படுத்தலை. எனக்குத்தான் வெயில் தாங்கலை. ‘ஊத்திட்டு வாடி’ன்னேன். இரண்டு பேரும் திரும்பிக்கூடப் பார்க்கலை. ஒரு நேரத்தில் கேனில் ஒன்றும் இல்லை. எப்போ வெளியே போனதுன்னு எனக்குத் தெரியாது. இத்தனை மாசம் தண்ணி மாற்றினவளுக்கு ஒரு தடவை முகம் காட்டிட்டுப் போனால் என்ன?

கரையேறினதும் அண்ணன் கேட்டார். ‘மாமா வீட்டுல இருக்கியாம்மா, இங்க இருக்கியா? உன் இஷ்டம்தான்.’

பிள்ளையிடம் போய் இப்படிப் பட்டென்று கேட்கலாமா? அவளுக்குச் சங்கடமாக இருக்குமே என்று நான்தான் குறுக்கே பேசினேன். ‘அங்கதான் பள்ளிக்கூடம் நல்லா இருக்குண்ணே. அஞ்சாவதுக்குப் புது பை வாங்கி வச்சிருக்கோம். பரதநாட்டியத்துக்குக் கூட கேட்டிருக்கேன். தம்பியும் அவ இல்லாம இருக்க மாட்டான்...’ நான் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனேன்.

‘அவ சொல்லட்டும் தங்கச்சி’ என்றார் அண்ணன். கோபமா இல்லை. மெதுவாத்தான் சொன்னார்.

நான் நிறுத்தினேன். எல்லாரும் கௌசியைப் பார்க்கிறோம். அவள் பாவாடையைப் பிழிந்துகொண்டே நின்றாள். அப்புறம் என்னைப் பார்த்து, ‘அத்தை, நாலு மணி பஸ்ஸை விட்டா அப்புறம் கூட்டமா இருக்கும். தம்பியை வச்சுக்கிட்டு நிக்க முடியாது உங்களால’ என்றாள்.

பாருங்க அக்கா, அப்பா என்ன கேட்கிறார், இவள் எதைச் சொல்கிறாள்? என்மேல்தான் அக்கறை அவளுக்கு. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அவள் சித்தி வீட்டுக்குள் ஓடிப்போய், மாமாவுக்குன்னு நெத்திலிக் கருவாடு பொட்டலம் கட்டிக்கொண்டு வந்து கொடுத்தாள், பெரிய மனுஷி மாதிரி. ரோட்டுவரைக்கும் வந்து பஸ் ஏற்றிவிட்டாள். ‘பார்த்துப் போங்க அத்தை’ன்னாள். விருந்தாளிக்குச் சொல்கிற மாதிரி என்ன அழகாச் சொல்கிறாள்.

நான் ஏறும்போது அண்ணன்தான், ‘பள்ளிக்கூடத்துல டி.சி. என்னைக்கு வாங்கலாம்னு மச்சானைக் கேட்டுச் சொல்லும்மா’ன்னார். எதுக்குன்னு கேட்டிருக்கலாம். அதற்குள் இவன் ‘கௌசி வா, கௌசி வா’ன்னு அழ ஆரம்பித்துவிட்டான், பஸ்ஸையும் எடுத்துவிட்டாங்க. லீவுதானே. லீவுக்கு யாராவது டி.சி. வாங்குவாங்களா?

இப்போ ஒரே ஒரு கவலைதான் எனக்கு. மத்தியானம் அங்கே அவள் ஒன்றும் சாப்பிடலை, தண்ணியிலேயே நின்றாள். நான் இருந்தால் பின்னாலேயே தட்டைத் தூக்கிக்கொண்டு போவேன், அங்கே யார் போவாங்க? சிதம்பரத்தில் பஸ் மாறும்போது அண்ணன் நம்பருக்குப் போட்டேன், இப்போகூட ஒருதரம் போட்டேன். ரிங் போகிறது, எடுக்கலை. போனை வீட்டில் வைத்துவிட்டு வலை பார்க்கப் போயிருப்பார்.

அக்கா, உங்க போனில் இருந்து ஒரு தடவை போட்டுத் தரீங்களா? நம்பர் நான் சொல்கிறேன். நான் பேசலை, நீங்களே கேளுங்க. ‘கௌசி சாப்பிட்டாளா’ன்னு அது மட்டும். யாருன்னு கேட்டால் பள்ளிக்கூடத்து மிஸ்னு சொல்லிடுங்க. ஸ்பீக்கரில் போடுங்க. இவன் எழுந்திருக்க மாட்டான்.

ரிங் போகுது.

எடுத்தாச்சு. புது நம்பர்னா உடனே எடுக்கிறாங்க பாருங்க. பேசுங்க, ஹலோ சொல்லுங்க.

இருங்க. இருங்க, பேசாதீங்க.

இது யாரு, கௌசியா? ‘டேய், தூண்டியைக் குடுடா, நான் வந்து போடுறேன்’ங்கிறாள். யாரையோ அதட்டுகிறாள். சிரிக்கிறாள் அக்கா. ‘ஹலோ, யாருங்க, காத்து அடிக்குது, சத்தமா பேசுங்க’ங்கிறாள். இவ்வளவு பெரிய தொண்டையா இவளுக்கு? எங்க வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்தால்கூட குனிந்து காதைக் கொடுத்துத்தான் கேட்கணும்.

வேண்டாம். கேட்க வேண்டாம். ராங் நம்பர்னு சொல்லி வச்சிடுங்க அக்கா.

சாப்பிட்டிருப்பாள்.